கரையில் நின்று நான் சொன்ன பொய்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பாறைக் கடற்கரைக்கு என்னை நம்பி வந்தவர்களிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் சொன்னது கொஞ்சம். தெரிந்தே சொன்னது அதிகம். வட்டக்கோட்டையில் சொன்னேன், குமரி முனையில் சொன்னேன், முட்டத்துப் பாறைமேல் சொன்னேன், குளச்சலில் வெற்றித் தூணுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். கேட்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள். அவர்களில் பலர் நான் சொன்னதை இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் திருச்சி தென்னூர்க்காரன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வரலாறு நான் கல்லூரியில் படித்த பாடமல்ல. மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து ஆசையாகப் படித்துச் சேர்த்தது. தெருவில் யார் வீட்டிலாவது ஊர் சுற்றிப் பார்க்கும் பேச்சு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். வேன் பேசுவது, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பது, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவது என்று கணக்குப் போடுவது எல்லாம் என் பொறுப்பு. கோடை விடுமுறையென்றால் பெரும்பாலும் குமரிக் கரைதான். இரவு பத்து மணிக்கு மேல் உழவர் சந்தைப் பக்கத்திலிருந்து வேன் கிளம்பும். விராலிமலை தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். கயத்தாறில் ஒரு டீ. காவல்கிணறு நெருங்கும்போது விடிந்து காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கும். அப்போதே பேச ஆரம்பித்துவிடுவேன்.

இந்தக் கரையை நான் உண்மையாகவே நேசிக்கிறேன். நம் கடற்கரைகளில் பெரும்பகுதி சமதளமான மணல். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை அப்படியல்ல. முட்டத்தில் செம்மண் மேடு திடீரென்று முடிந்து கீழே பாறைக் கூட்டம் தொடங்கும். அலை பாறையிடுக்கில் நுழைந்து, ஒரு கணம் காணாமல் போய், அடுத்த கணம் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து விழும். பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தை எடுத்த இடம் என்று சொன்னால் பெரியவர்கள் முகம் மலரும். நின்று பார்க்கவே போதுமான இடம். எதையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லாத அந்த இடத்தில்தான் நான் கூட்டிச் சொன்னேன்.

தொடங்கியது வட்டக்கோட்டையில். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கருங்கல் கோட்டை அது. பதினெட்டாம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு மன்னரிடம் சேர்ந்த டிலனாய் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்டது. கல்லில் செதுக்கிய மீன் சின்னமும் அங்கே உண்டு. அதைக் கொண்டு பாண்டியரோடு சேர்த்துப் பேசுவார்கள். சரிவான பாதையில் மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள். எங்களோடு வந்த ஒரு சிறுவன், “அங்கிள், இங்கேர்ந்து சுரங்கம் இருக்காமே?” என்று கேட்டான். அவன் கை அப்போது சுவரின் இரண்டு கல் சேரும் இடுக்கில் இருந்தது. விரல் நுழையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருக்கு. பத்மநாபபுரம் அரண்மனை வரைக்கும் போகும். ராஜா குதிரையிலயே போவார்” என்றேன்.

அப்படி ஒரு சுரங்கம் உண்டென்ற பேச்சு அந்தப் பக்கத்தில் பல காலமாக இருக்கிறது. குதிரை மட்டும் என் கைச்சரக்கு. வட்டக்கோட்டைக்கும் பத்மநாபபுரத்துக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடுவில் பழையாறு ஓடுகிறது, தண்ணீர் தேங்கும் நாஞ்சில் நாட்டு வயல்கள் இருக்கின்றன. கோட்டையோ கடல் மட்டத்தை ஒட்டி நிற்கிறது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? போடவில்லை. குதிரை என்றதும் அந்தப் பையனின் கண் விரிந்தது. அவன் அப்பா, அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த நிமிர்வு எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த வருடம் வேறு கூட்டத்திடம், யாரும் கேட்காமலே, சுரங்கத்தைப் பற்றி நானாகச் சொன்னேன்.

மலைக்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் காவிரிக்கு அடியில் சுரங்கம் போகிறது என்று கேட்டு வளர்ந்தவன் நான். பத்து வயதில் படிக்கட்டின் இருட்டு மூலைகளிலெல்லாம் அதன் வாயைத் தேடியிருக்கிறேன். அப்படித் தேடிய காலம் முழுவதும், உச்சிப் பிள்ளையாருக்கு ஏறும் வழியிலேயே மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த குகைக் கோயில் இருப்பதைப் பார்க்கவில்லை. கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் அங்கே ஒரு சுவர் முழுக்க நிற்கிறார். தூண்களில் கல்வெட்டு இருக்கிறது. இல்லாத சுரங்கம் இருக்கிற சிற்பத்தை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. பெரியவனானபின் இது எனக்குப் புரிந்தது, புரிந்தும் அதையே இன்னொருவர் பிள்ளைக்குச் செய்தேன்.

அந்தப் பையனுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று கையில் இருந்தது. வட்டக்கோட்டை தனிக் கோட்டையல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்து நின்ற திருவிதாங்கூரின் தெற்கு அரண் வரிசையோடு சேர்ந்தது. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, 1809 பிப்ரவரியில், பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை ஏறிப் பிடித்தது. அதன்பின் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமலே விழுந்தன. எங்கள் வேன் அன்று காலை கடந்து வந்த காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் நடந்தது அது. காற்றாலைகளைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். அதில் குதிரை ஓட்டம் இல்லை. நம் பக்கம் தோற்ற கதை வேறு. விட்டுவிட்டேன்.

குளச்சலில் செய்தது இதைவிடப் பெரிது. 1741 ஆகஸ்ட் 10 என்று வரலாற்று நூல்கள் தேதி குறிக்கும் போர் அது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். மிளகு வாணிபத்தைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ள இலங்கையிலிருந்து படையோடு வந்து இறங்கிய டச்சுக்காரர்கள் குளச்சலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய தலைமையிடமான பத்தேவியா அந்தச் சமயம் ஜாவாவில் பெரிய கலகத்தில் சிக்கியிருந்ததால் உதவி வரவில்லை. முற்றுகைக்குள் இருந்தவர்களின் வெடிமருந்தில் தீப்பிடித்து, வைத்திருந்த அரிசியும் எரிந்துபோனது. சரணடைந்தார்கள். நடந்தது இவ்வளவுதான். பசியும் முற்றுகையும் நம்பிய உதவி வந்து சேராததும் தீர்மானித்த வெற்றி அது.

நான் சொன்னது வேறு. கடலில் டச்சுக் கப்பல்கள் வரிசையாக எரிந்ததாகச் சொன்னேன். டிலனாயை அட்மிரல் ஆக்கினேன். உண்மையில் அவர் அந்தப் படைக்கு அட்மிரல் இல்லை. அதோடு, “ஆசியாவிலேயே ஒரு ஐரோப்பியப் படையை முதன்முதலாகத் தோற்கடித்தது இந்த மண்தான்” என்று தூணைக் கை காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் எங்களோடு வந்திருந்தாள். எங்கள் தெருப் பிள்ளைதான். கையில் நீள நோட்டு. நான் பேசப் பேசப் பென்சிலால் எழுதிக்கொண்டே வருவாள். ‘முதன்முதலாக’ என்று எழுதி அதற்கடியில் இரண்டு கோடு போட்டாள். அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்தது. பிறகு தலை தூக்கி, “அங்கிள், அதுக்கு முன்னாடி ஒருத்தர்கூட ஜெயிச்சதில்லையா?” என்றாள்.

சரியான கேள்வி. அதற்கான பதில் எனக்குத் தெரியும். 1739இல், குளச்சலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா போர்ச்சுக்கீசியரிடமிருந்து வசைக் கோட்டையைப் பிடித்தார். 1662இல் கொக்சிங்கா தைவானிலிருந்து இதே டச்சுக்காரர்களை வெளியேற்றினார். கடல் தாண்டிப் பக்கத்திலேயே, கண்டி அரசு 1594இலும் 1630இலும் 1638இலும் போர்ச்சுக்கீசியப் படைகளை அழித்திருக்கிறது. இதையெல்லாம் நூலகத்தில் படித்துக் குறிப்பெடுத்தவன் நான். அந்தக் குறிப்பு அப்போது வீட்டு அலமாரியில் இருந்தது. “ஒருத்தரும் இல்லைம்மா” என்றேன்.

தெரியாதவன் சொல்வது தவறு. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது தவறு என்ற கணக்கில் வராது.

குளச்சல் வெற்றி சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. கையில் பிடிபட்ட எதிரியான டிலனாயை மன்னர் தன் படைக்குப் பயிற்சியாளராக்கினார். அவர் முப்பது வருடங்களுக்கு மேல் திருவிதாங்கூருக்கு உழைத்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அந்தக் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அந்தத் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மார்த்தாண்ட வர்மாவுக்கு முன் ஆண்டவர், உள்நாட்டுப் பிரபுக்களை அடக்க முடியாமல், 1726இல் திருச்சியிலிருந்து ஆண்ட நாயக்கர்களிடம் ஒப்பந்தம் செய்து படை வாங்கினார். திருச்சியின் குதிரைப் படையை எதிர்பார்த்திருந்த ஒரு சின்ன நாடு பதினைந்தே வருடத்தில் டச்சுக்காரரை மண்டியிட வைத்தது என்றால் அதுவே எவ்வளவு பெரிய மாற்றம்! தென்னூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? ‘முதல்’ என்ற பட்டம் இல்லாவிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று பயந்தேன்.

அடுத்ததை எழுதக் கை தயங்குகிறது. கூட்டத்தைப் பார்த்துக் கதையை மாற்றியிருக்கிறேன். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயோடு பழகி, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் ஏன் தண்டிக்கப்பட்டார் என்பதில் இன்றைக்கும் வாதம் உண்டு. வேனில் கோயில் பார்க்க வந்தவர்கள் அதிகம் என்றால் இந்த மனிதரை நான் வாயே திறந்து சொல்லமாட்டேன். மார்த்தாண்ட வர்மா மாவீரராக மட்டும் இருப்பார். கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகமாக இருந்த பயணத்தில் காற்றாடி மலையில் வேனை நிறுத்தி, அதே மன்னரைக் கொடுங்கோலனாக்கிக் கண்ணீர் வரப் பேசினேன். ஒரே மன்னர், ஒரே வாய். இரண்டு கூட்டத்திலும் இருந்தவர்கள் எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அவர்கள் ஒரு நாள் இதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டால் இரண்டு பேருக்கும் இரண்டு மன்னர்கள் கிடைப்பார்கள். பிடித்ததை மட்டும் ஊட்டி அவரவர் சுவருக்குள்ளேயே நான் அவர்களை விட்டுவந்தேன். சுரங்கத்தில் குதிரை ஓட்டியதைக்கூட மன்னிக்கலாம் என்று சில சமயம் தோன்றுகிறது, இதை அப்படி நினைக்க முடியவில்லை.

மணல் விஷயம் சின்னது. குமரி முனையில் மூன்று கடல்களும் மூன்று நிற மணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று சொல்வேன். சிவப்பு, கருப்பு, வெளிர்மஞ்சள் என்று பொட்டலம் கட்டி விற்பதை வாங்கிப் பிள்ளைகளும் நம்புவார்கள். சிவப்பு கார்னெட் என்ற கனிமம், கருப்பு இல்மனைட், மஞ்சள் மோனசைட். பாறை சிதைந்து ஆற்றோடு இறங்கி, கனமானதைத் தனியாக அலை அரித்து ஒதுக்கி வைக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். கயிற்று நாரில் ஒட்டிக்கொண்டு போன மணல்தான் துப்புக் கொடுத்தது. அதிலிருந்து எடுத்த தோரியம் அன்று காஸ் விளக்கு மேண்டிலுக்குப் போனது. கல்யாண ஊர்வலத்தில் எரிந்த வெளிச்சத்துக்குள் இந்தக் கரையின் மணல் இருந்திருக்கிறது. அந்த மணலை அள்ளுவதைப் பற்றி அங்கே வாழ்கிறவர்களுக்குப் பயமும் கோபமும் இருப்பதையும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பயணத்தின் மகிழ்ச்சி கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

இனிக் குமரிக்கண்டம். இதில்தான் நான் பிடிபட்டேன்.

திருவள்ளுவர் சிலையைக் கடலோடு சேர்த்துப் பார்க்கும் இடத்தில் நின்றுகொண்டு, இதற்குத் தெற்கே ஒரு கண்டமே இருந்தது, ஆப்பிரிக்கா வரை பரந்திருந்தது, ஒரே இரவில் கடல் கொண்டது என்று சொல்வது என் வழக்கம். பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது; அதைத் துணைக்கு வைத்துக்கொள்வேன். ஆனால் கண்டம் அங்கிருந்து வந்ததல்ல. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் இருக்கும் லெமூர் வகைகளின் தடயம் இந்தியாவிலும் கிடைப்பதை விளக்க, நடுவில் நிலம் இருந்திருக்க வேண்டுமென்று ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது தெளிவானபின் அந்த ஊகத்துக்கே வேலை இல்லாமல் போனது. இதையும் நான் படித்திருந்தேன்.

நான் பிடிபட்ட வருடம் குமரியில் கூட்டம் அதிகம் என்பதால் பேச்சைக் குளச்சலுக்குத் தள்ளிப்போட்டிருந்தேன். கரையில் வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்தார்கள். நிழலில் ஒருவர் வலையில் கிழிந்த கண்களைப் பின்னிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னும் ஊசியை விட்டு விட்டு எடுப்பார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் கூட்டத்திடம் குரலை உயர்த்தினேன். ஒரே இரவில் அலை எழுந்து நகரங்களை விழுங்கியதை, மாடங்கள் சரிந்ததை, கையை ஆட்டி ஆட்டி வர்ணித்தேன். நன்றாகவே வந்தது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “சாரே, கடல் கொண்டுபோறதை நீங்க கண்டிருக்கியளா?”

திரும்பினேன். அவர் கோபப்படவில்லை. வலையைக் கீழே வைக்கவும் இல்லை. “நாங்க கண்டோம். ராத்திரி இல்ல, பகல்லதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள்” என்றார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. குமரி மாவட்டத்தில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் இழந்த உயிர்கள் நூற்றுக்கணக்கில். மணக்குடியில் பாலத்தையே அலை தூக்கி எறிந்தது. அவர் இதைச் சொன்ன நாள் காலைதான் மணக்குடி வழியாக வந்திருந்தோம். புதுப் பாலத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டோம். குளச்சலில் புதைத்த இடம் நான் நின்ற இடத்திலிருந்து நடக்கிற தூரம். அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, அங்கே நின்று, கடல் ஊரை விழுங்குவதை அழகாக வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் யாரைக் கடல் கொண்டுபோனது என்று நான் கேட்கவில்லை. “மன்னிச்சுக்கோங்க ஐயா” என்று சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. “நேரமாச்சு, எல்லாரும் வேனுக்கு வாங்க” என்று கூட்டத்தைத் திருப்பினேன். அவர் மறுபடி வலைக்குக் குனிந்துகொண்டார். கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை. குமரிக்குத் தெற்கே உண்மையில் என்ன இருக்கிறது என்பதை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அப்போது தமிழகமும் இலங்கையும் தரையால் சேர்ந்திருந்தன. குமரி முனைக்குத் தெற்கேயும் நிலம் வெளியே தெரிந்திருக்கும். பனி உருக உருகக் கடல் ஏறியது, ஒரே இரவிலல்ல, ஆயிரக்கணக்கான வருடங்களாக, தலைமுறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. குமரிக்குத் தெற்கே இன்று வெட்ஜ் பேங்க் என்று மீனவர்கள் போய்வரும் ஆழமில்லாத கடற்பரப்பு இருக்கிறதே, 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவின் உரிமைக்குள் வந்தது, மீன் வளத்துக்குப் பேர்போனது, அதன் அடித்தளத்தில் ஒரு பகுதி அப்படி மூழ்கிய நிலம்தான். வலை பின்னிக்கொண்டிருந்தவருக்கு அந்த இடம் தொழில் செய்யும் இடம். மூழ்கிய நிலத்தைப் பற்றிப் பேச அந்தக் கரையில் தகுதி உள்ளவர் ஒருவர் இருந்தார்; நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினேன்.

கண்டம் பிரிந்த கதையும் உண்மையில் உண்டு. மனிதன் இல்லாத காலத்துக் கதை அது. முட்டத்துப் பாறைகளை ‘உலகத்திலேயே பழைய பாறை’ என்று சொல்லி வந்திருக்கிறேன். இல்லை, கனடாவில் 400 கோடி ஆண்டுப் பாறைகள் இருக்கின்றன. தென்கோடியின் இந்தப் பாறை வரிசை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியது. கோண்டுவானா என்ற பெருநிலம் ஒன்று சேர்ந்த காலம் அது. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் இதன் உடன்பிறப்புகள் கிடக்கின்றன. மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்தே ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. முட்டத்தில் ஒரு பாறையில் கை வைத்தால் கடலுக்கு அக்கரையில் இருக்கும் இன்னொரு கரையின் மறுபாதியில் கை வைக்கிறோம். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல அரை மணி நேரம் ஆகும், தயாரித்துக்கொண்டு போக வேண்டும், அவள் கேட்கும் கேள்வியில் பாதிக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டம் மூழ்கியதென்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ஏன் செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பதில் கௌரவமானது அல்ல. அலுவலகத்தில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் அதிகம் கேட்பதில்லை. குமரிக் கரையில் அத்தனை தலைகள் என் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பலுக்காக எதையும் சொல்லத் தயாராக இருந்தேன். கரையை நேசித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது பொய்யில்லை. ஆனால் பேசும்போது நான் கடலைப் பார்க்கவில்லை, எதிரே நின்றவர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழரின் பெருமைக்காகத்தானே சொன்னேன் என்று கொஞ்ச காலம் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அதுவும் நிற்கவில்லை. பெருமைக்கு உண்மை போதாது என்று நினைத்தவன் அந்தப் பெருமையை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறான்? குளச்சல் முதல் வெற்றியாக இல்லாமலே பெரிய வெற்றி. சிலப்பதிகாரத்தின் கடல்கோளுக்கு லெமூரின் சாட்சி வேண்டியதில்லை.

அதன்பின் சில பேரிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், “விடுப்பா, ஜாலியா போயிட்டு வந்தோம். அதைப் போய்க் கெடுக்கிறியே” என்றார். இன்னொரு வீட்டு அம்மா, “அப்ப சுரங்கம் இல்லையா?” என்று கேட்ட குரலில், நான் அவர் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட வருத்தம் இருந்தது. ஒருவர் கோபப்பட்டார். குமரிக்கண்டம் இல்லை என்று சொல்ல நீ யார் என்றார். அவரிடம் அத்தனை உறுதியாக அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அந்த நீள நோட்டுப் பெண்ணிடம் சொல்வதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் சாஸ்திரி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குளச்சலுக்கு முன்னால் வசை, தைவான், கண்டி. அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அங்கிள், அதை வச்சுத்தான் ஸ்கூல்ல பேச்சுப் போட்டியில பரிசு வாங்கினேன்” என்றாள். ஒரு டீச்சர் சந்தேகமாகக் கேட்டாராம். எங்க தெரு அங்கிள் நிறையப் படிச்சவர், அவர் சொன்னார் என்று இவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். குளச்சல் போரை அப்படியேதான் அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பதாகச் சொன்னாள். பஸ் வருவதற்குள் அந்தப் பிள்ளைகளின் பெயரையும் வீட்டையும் கேட்டு எழுதிக்கொண்டேன். எல்லாம் தென்னூருக்குள்தான், நடந்தே போகலாம். இன்னும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.